நகர நீரும் தமிழ் இலக்கியமும்

1. முன்னுரை

இலக்கியத்தில் நீர் பெறும் இடம் பற்றித் தமிழில் எழுந்த கட்டுரைகள் பல. அவற்றுட் பெரும்பாலன வான்சிறப்பு அதிகாரத்தில் தொடங்குவன. மழையையும் ஆற்றையும் பாடிய செய்யுட்களைத் தொகுத்துக் காட்டுவன. பண்டைத் தமிழர் நீரின் அருமையை நன்கு அறிந்திருந்தனர் என்னும் முடிவில் நிறைவுறுவன. அம்முடிவில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் அதனை முடிவாகக் கொள்வதினும் தொடக்கமாகக் கொள்வதே தகும். ஒரு நகர் வளருங்கால் அதற்கு நீரைத் தேடிக் கொணர்ந்து, தேக்கி, தூய்மை செய்து, குழாய் வழியே தெருத்தோறும் செலுத்தும் பெருஞ்செயல் ஒன்று நிகழ்கின்றது. அச்செயல் மக்களின் நாட்பொழுதை இடைவிடாது ஆள்கின்றது. அது நம் இலக்கியத்துள் எவ்வாறு புகுந்தது, எவ்வளவு புகுந்தது, புகுந்ததனை நாம் எவ்வாறு படித்தோம் என்பனவே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

இவ்வினாக்கள் நமக்குத் தோன்றியது ஏட்டறையில் அன்று, வகுப்பறையில். சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணாக்கர்க்கு அசோகமித்திரன் (1931-2017) இயற்றிய ‘தண்ணீர்’ என்னும் நாவலைப் பாடமாக நடத்தினோம். அந்நாவலில் நீர் என்பது மனித உள்ளத்தின் ஈரத்தைக் குறிக்கும் குறியீடு எனத் திறனாய்வாளர் பலர் கூறும் விளக்கத்தையே நாமும் கூறினோம். அப்போது எர்ணாவூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, இந்தத் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரவேண்டும்?” என்று வினவினார். வகுப்பில் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை எனினும் விடை கூறவும் இயலவில்லை. அவ்வினா இலக்கியத்திற்குப் புறம்பானது என்றே அன்று கருதினோம். பன்முறை எண்ணிப் பார்த்தபின், அதுவே அந்நாவலைப் பற்றி எழுப்பத்தக்க வினாக்களுள் தலையாயது என்னும் கருத்துக்கு வந்துள்ளோம். அக்கருத்தினை நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

2. எங்கே தேக்குவது?

முதற்கண் பண்டை மரபினை நோக்குவோம். நீர்ப்பணியைப் பொருளாகக் கொண்ட பழம்பாடல்களுள் புறநானூற்றின் 18ஆம் பாடல் தனிச்சிறப்புடையது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடியது அது. மறுமைச் செல்வம், பிற அரசரை வெல்லும் வலிமை, நிலைத்த புகழ் ஆகிய மூன்றனுள் எதனை வேண்டினும் செய்யத்தக்கது ஒன்றே எனப் புலவர் வகுத்துரைக்கின்றார். உடல் உணவால் அமைவது; உணவு நிலத்தொடு நீர் கூடுவதால் அமைவது; ஆதலின் அவ்விரண்டையும் கூட்டுவித்தவரே உடம்பையும் உயிரையும் படைத்தவர் ஆவர் என்பது அவர்தம் வாதம். வானத்தை மட்டும் நோக்கியிருக்கும் நிலம் எவ்வளவு பரந்ததாயினும் அரசன் முயற்சிக்கு உதவாது என்றும் அவர் எச்சரிக்கின்றார்.

இப்பாடலை வள்ளன்மை பற்றிய பாடலாகவும் அறம் பற்றிய பாடலாகவும் காட்டுவர். அவற்றினும் மேலாக இஃது இடம் பற்றிய பாடல் என்பது நம் கருத்து. நீரைப் போற்றுக என்று பொதுவாகக் கூறி அமையாது, நிலம் எங்கே குழிந்து தாழ்கின்றதோ அவ்விடம் கண்டு நீரைத் தேக்குக என்று புலவர் கூறுகின்றார். நிலத்தின் ஏற்றஇறக்கத்தைக் கண்ணால் அளந்து அறிந்தவர் கூற்று இது. தொல்காப்பியர் புறத்திணையியலில், மேல்வரும் படையைத் தனியொருவன் தாங்கி நிற்கும் பெருமைக்கு, விரைந்துவரும் வெள்ளத்தைத் தடுக்கும் கல்லணையை உவமையாக்குகின்றார். அணை கட்டும் தொழில் அறியாத மக்களிடையே அவ்வுவமை பிறந்திராது. மதகு, தூம்பு, புதவு, கலிங்கு எனத் தமிழில் நீர்ப்பணி பற்றிய சொற்கள் பல்கியிருத்தலும் இதற்குச் சான்று. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஏரி வாரியம் என்னும் தனிக்குழுவினைக் குறிப்பிடுதலும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஏரியைக் கட்டுதல் போலவே காத்தலும் ஊரார் கடமையாக எண்ணப்பட்டது.

எனவே, பண்டை மரபு நீரை நோக்கி எழுப்பிய வினா ‘எங்கே தேக்குவது?’ என்பது. அவ்வினா அரசனை நோக்கி எழுப்பப்பட்டது. புகழும் அரசனுக்கே சென்றது. மண் சுமந்தவரைப் பற்றியோ, ஏரியின் கீழ்க்கோடியில் நின்று நீர் வருமா என எதிர்நோக்கியவரைப் பற்றியோ அப்பாடல் பேசவில்லை. இக்குறையினையும் உடன் கூறுதல் நடுநிலைத் திறனாய்வுக்கு இயல்பாம்.

3. சென்னையின் நீர்வழி

எர்ணாவூர் மாணவியின் வினாவுக்கு விடை காணச் சென்னை நகரின் நீர் வரலாற்றைச் சுருங்க நோக்குதல் வேண்டும். அவ்வரலாறு பெரும்பாலும் வடக்கிலேயே நிகழ்ந்தது.

கோட்டைக்கு வடக்கே தோண்டப்பட்ட கிணறுகளிலிருந்து நீரெடுத்துக் கோட்டைக்குச் செலுத்தும் ஏற்பாடு 1772இல் அமைந்தது. தளபதி பேக்கர் என்பார் வகுத்த திட்டம் அது. அவ்வேற்பாட்டின் நினைவாக இன்றும் அப்பகுதி ஏழுகிணறு என்றே வழங்குகின்றது. வள்ளலார் இளமையில் வாழ்ந்த வீடும் அப்பகுதியிலேயே உள்ளது. இடப்பெயராய்வு செய்வார், நீர்ப்பணி ஒன்று ஊர்ப்பெயராய் நிலைத்ததற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

நகர் விரிந்தபோது கிணறுகள் போதா ஆயின. வடமேற்கே கொற்றலையாறு எனவும் கொசத்தலையாறு எனவும் வழங்கும் ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் அணையிட்டுத் தடுத்து, சோழவரம் ஏரிக்கும் செங்குன்றத்துப் புழல் ஏரிக்கும் திருப்பி, அங்கிருந்து திறந்த வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கத்திற்கு நீர் கொணரும் ஏற்பாடு 1872இல் நடைமுறைக்கு வந்தது. அந்நீர் நெடுங்காலம் வடிகட்டப்படாமலே வழங்கப்பட்டது; 1914இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் செயற்படத் தொடங்கின. அவ்வாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் 1944இல் நிறைவெய்தியது. 1939-40இல் நகர மேயராய் இருந்து அதற்கென அரும்பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி, அது நிறைவுறுமுன் 1943இல் மறைந்தார். இன்று அத்தேக்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அதன்பின் நகரின் கை இரு திசைகளில் நீண்டது. ஒரு கை தொலைவுக்கு நீண்டது. கிருட்டிணை நீரைப் பூண்டிக்குக் கொணரும் திட்டத்திற்கு 1976இலும் 1983இலும் உடன்பாடுகள் ஏற்பட்டன. நீர் பூண்டியை அடைந்தது 1996இல். தெற்கே வீராணம் ஏரியிலிருந்து நீர் கொணரும் திட்டம் ஒருமுறை தொடங்கி நிறைவேறாது நின்று, புதிய வீராணத் திட்டமாக 2004இல் நிறைவேறியது. மற்றொரு கை மண்ணுக்கடியில் நீண்டது. கொற்றலையாறும் ஆரணியாறும் படிவித்த மணற்பரப்பில், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. மணலியில் எழுந்த பெருந்தொழிற்சாலைகளுக்கும் இந்நிலத்தடி நீரிலிருந்து பங்கு சென்றது. எடுக்கும் அளவு மிக, மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியே பல கிலோமீட்டர் உட்புகுந்தது. உழவரின் கிணறுகள் உவர்ந்தன. பின்னர் 2010இல் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் ஆக்கும் கொள்ளளவுடன் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கொடுங்கையூரில் நகரக் கழிவுநீரை மும்முறை தூய்மை செய்து, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் அளவில் வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019இல் தொடங்கப்பெற்றது. நகரின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் குடிநீர் கொணரப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. பூண்டியிலும் தாமரைப்பாக்கத்திலும் தேக்கவும் திருப்பவும் பெறும் கொற்றலையாறு கடலொடு கலக்கும் இடம் எண்ணூர்க் கழிமுகம். நகரம் ஆற்றின் மேற்பகுதியில் நன்னீரை எடுத்துக் கொண்டது; கீழ்ப்பகுதியில் அனல்மின் நிலையங்களையும் துறைமுகங்களையும் தொழிற்கூடங்களையும் வைத்தது. எடுத்த நீர் தெற்கே தொலைதூரம் பரவியது. ஆற்றின் வாயிலில் வாழ்வார்க்கோ லாரியும் குடமும் காத்திருத்தலும் நெடுங்காலம் வாழ்க்கை முறையாயின. திருவொற்றியூர் என்னும் பெயர்க்கு, ஊழி வெள்ளத்தை இறைவன் ஒற்றி அகற்றிய இடம் எனத் தலபுராண மரபு பொருள் கூறும். அவ்வூரை அடுத்த நிலத்தடியிலேயே கடல்நீர் புகுந்தது காலத்தின் முரண் எனலாம். எங்கிருந்து வரவேண்டும் என வினவிய மாணவி, அவ்வழியின் நடுவே நின்று வினவினார் என்பது நமக்குப் பின்னரே புலனாயிற்று.

4. எப்போது வரும்?

இனி நாவலுக்கு வருவோம். ‘தண்ணீர்’ 1973இல் நூல் வடிவம் பெற்றது. திரைப்படத்தில் இடம்பெறும் ஆசையால் ஏமாற்றப்படும் சமுனா, படையில் உள்ள கணவனைப் பிரிந்திருக்கும் அவள் தங்கை சாயா, துயரை விழுங்கிக் கொண்டு பிறர்க்குத் துணைநிற்கும் டீச்சரம்மா ஆகியோர் நீர்ப்பஞ்சம் நேர்ந்த சென்னைத் தெரு ஒன்றில் வாழ்கின்றனர். அடிபம்பு ஓய்கின்றது, தெரு தோண்டப்படுகின்றது, பெண்கள் குடங்களோடு அலைகின்றனர். பெருநிகழ்ச்சி என்று கூறத்தக்கது ஏதும் இல்லை. ஆசிரியரின் நடையும் குரலுயர்த்தாத நடை.

இந்நாவல் பற்றிய திறனாய்வுகள் பலவும் இருவகையுள் அடங்கும். ஒரு சாரார் நீர்ப்பஞ்சத்தைப் பின்புலம் என்பர். சமுனாவின் வாழ்வே கதை, நீர் அதற்கு அரங்கு என்பது அவர் கருத்து. மற்றொரு சாரார் நீரைக் குறியீடு என்பர்; வறண்டது குழாய் அன்று, மனிதவுறவு என்பது அவர் கருத்து. இரண்டாவது கருத்து நுட்பமானது. நாமும் பலகாலம் அதனைக் கொண்டிருந்தோம். எனினும் இவ்விரு கருத்துக்களும் ஒரு செயலை ஒருங்கே செய்கின்றன. நாவலிலிருந்து நீரை வெளியேற்றி விடுகின்றன. பின்புலமாயின் நீரைக் கவனிக்க வேண்டுவதில்லை; குறியீடாயின் அதனைக் கடந்து செல்ல வேண்டுவதாகின்றது.

நாவலையே நோக்குவோமாயின், அதன் இயக்கம் நீர் வழங்கலின் இயக்கமே என்பது விளங்கும். மாந்தர் எப்போது எழுகின்றனர், எவரோடு பேசுகின்றனர், எவரிடம் கடுஞ்சொல் கேட்கின்றனர், எவ்வீட்டு வாயிலில் நிற்க நேர்கின்றது என்பனவெல்லாம் நீர் வரும் நேரத்தாலும் வாராமையாலும் அமைகின்றன. டீச்சரம்மாவும் சமுனாவும் நெருங்குவதற்கு நீர் தேடும் நடையே வாயிலாகின்றது. குடிவைத்தோர்க்கும் குடியிருப்போர்க்கும் இடையிலான ஆண்டான் அடிமை முறை, அடிபம்பின் பிடியில் எவர் கை இருக்கின்றது என்பதில் வெளிப்படுகின்றது. நீர் குறியீடாகின்றது எனின், முதலில் நீராக நின்றே குறியீடாகின்றது. குடத்தின் கனம் உணரப்படாத இடத்தில் துயரின் கனம் உணரப்படுவதில்லை. இதுவே அசோகமித்திரனின் கலைத்திறம். வடசென்னை மாணாக்கர்க்கு அக்கனத்தை நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் விளக்கம் கேட்டது வேறொன்றற்கு.

அவ்வேறொன்று நாவலின் எல்லையைக் காட்டுவது. இந்நாவல் எழுப்பும் வினா ‘எப்போது வரும்?’ என்பது. தெருவின் எல்லைக்குள் நின்று எழுப்பத்தக்க வினா அது ஒன்றே. குழாய் மண்ணுக்குள் புதைந்திருக்கின்றது. அதன் மறுமுனை கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிவன தோண்டிய பள்ளமும், லாரியும், அறிவிப்பின்றி வந்து அறிவிப்பின்றிச் செல்லும் பணியாளருமே. நகர மாந்தரின் இயலாமை இதுவே: நீர் இல்லை என்பது அவர்க்குத் தெரியும், எங்கே தடைப்பட்டது என்பது தெரியாது.

இதனைக் கோமல் சுவாமிநாதன் இயற்றிய ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 1980இல் மேடையேறி, 1981இல் கே. பாலசந்தரால் திரைப்படமாக்கப்பட்டது அந்நாடகம். அதில் வரும் அத்திப்பட்டி மக்கள் கரிசற்பூமியில் வாடும் எளியோர். ஆயினும் நீர் எங்கே உள்ளது என்பது அவர்க்குத் தெரியும். வண்டி கட்டிச் சென்று கொணர்கின்றனர். கால்வாய் வெட்டிக் கொணரவும் தாமே முனைகின்றனர். அதிகாரம் குறுக்கே நின்று தடுக்கின்றது. அவர்தம் துயர், வழி தெரிந்தும் மறுக்கப்பட்டவர் துயர். சமுனாவின் தெருவினர் துயர், வழியே அறியாதவர் துயர். முன்னையது போராட்டமாகக் கூடும். பின்னையது காத்திருத்தலாகவே கழியும். சிற்றூர் நாடகத்தில் குரல் உயர்ந்தும், நகர நாவலில் குரல் தாழ்ந்தும் ஒலிப்பதற்கு ஆசிரியர் இருவரின் இயல்பு மட்டும் காரணம் அன்று. நீர் வரும் வழி கண்ணுக்குத் தெரிவதும் தெரியாமையும் காரணம் என்பது நம் துணிபு. நீர் வழங்கலின் அமைப்பினை அறியாது இவ்வேறுபாட்டினை விளக்குதல் அரிது.

5. ‘குழாயடி’ என்னும் சொல்

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்றும் பொருந்தும். குழாய்நீர் வந்தபின் தமிழிற் பிறந்த தொடர் ‘குழாயடி’. மரத்தடி, ஆற்றங்கரை, கிணற்றடி என்பனபோல் மக்கள் கூடும் இடத்தைக் குறித்த தொடர் அது. அதிலிருந்து ‘குழாயடிச் சண்டை’ என்னும் வழக்குப் பிறந்தது. இன்று அவ்வழக்கினை மிகுதியும் பயன்படுத்துவோர் குழாயடியில் நிற்பவர் அல்லர். சட்டமன்றச் செய்தி எழுதுவோரும், இலக்கியப் பூசலைப் பழிப்போருமே. தரமற்ற வாய்ச்சண்டை என்பது அதன் பொருள். கற்றவர் இருவர் ஒருவரையொருவர் தூற்றினால், ‘குழாயடிச் சண்டை போடுகின்றனர்’ என்று பிறர் இகழ்வர்.

இவ்விகழ்ச்சி எவரைச் சார்கின்றது என எண்ணுதல் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நீர் வரும் என்று கேட்டு விழித்திருந்து, ஐந்து குடங்களை வரிசையில் வைத்து, மூன்றாம் குடம் நிரம்புமுன் நீர் நின்றுபோகும் எனின், அங்கெழும் சொற்போர் தரமற்றதன்று. அது பங்கீடு பற்றிய வழக்கு. எவர் முன் வந்தார், எவர் வீட்டில் நோயாளி உளர், ஒருவர்க்கு எத்தனை குடம் என்னும் முறைமைகளை வகுப்பாரின்றித் தாமே வகுத்துக்கொள்ளும் அவை அது. ஏரி வாரியத்தின் வேலையைக் குழாயடிப் பெண்கள் கல்வெட்டின்றிச் செய்கின்றனர் எனலாம். அசோகமித்திரன் இதனை அறிந்திருந்தார். அவர்தம் நாவலில் வரும் பூசல்கள் நகைப்புக்கு உரியனவாகத் தீட்டப்பெறவில்லை. பிற்காலத்துத் திரைப்படங்கள் பல குழாயடியை நகைச்சுவைக் களமாகவே கண்டன. நாவலின் பெருமை இவ்வொப்பீட்டாலும் துலங்கும்.

நீர்க்கு நகரமக்கள் இட்ட பெயர்களும் ஆராயத்தக்கன. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்பன சுவை பற்றியவை. லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்பன வரும் வழி பற்றியவை. 1978இல் குடிநீர் வழங்கலுக்கெனத் தனி வாரியம் அமைந்தபின் எழுந்த ‘மெட்ரோ தண்ணீர்’ என்பது வழங்கும் நிறுவனம் பற்றியது. சங்க இலக்கியத்தில் நீர் சுனை, கயம், கழி என நிலத்தாற் பெயர் பெற்றது. நகரில் வண்டியாலும் வாரியத்தாலும் பெயர் பெறுகின்றது. புழல் நீர், பூண்டி நீர் என்று குடிப்போர் கூறக் கேட்டிலேம். ‘எங்கிருந்து’ என்னும் வினா வழக்குமொழியிலிருந்தே நீங்கியமைக்கு இது சான்றாம்.

6. எவருடையது?

நாவலும் நாடகமும் எழுப்பாத மூன்றாம் வினாவினை அண்மைக்காலத்துப் பாடல் ஒன்று எழுப்பியது. கபேர் வாசுகி இயற்ற, டி. எம். கிருஷ்ணா பாடி, 2017இல் வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ அது. எண்ணூர்க் கழியைக் களமாகக் கொண்டது. கருநாடக இசைப்பண்களில் சென்னைப் பேச்சுத்தமிழை அமைத்தது. அவ்விணைப்பே அப்போது பெரிதும் பேசப்பட்டது. இசையரங்குக்கு அம்மொழி தகுமா என்னும் வாதத்தில் பலர் முனைந்தமையால், பாடலின் பொருள் போதிய அளவு ஆராயப்படவில்லை.

அதன் பொருள் முழுவதும் ‘புறம்போக்கு’ என்னும் ஒரு சொல்லின்மேல் நிற்கின்றது. தனியார்க்கு உரிமையாகாமல், தீர்வைக்குப் புறமாக விடப்பட்ட பொதுநிலம் புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், ஆற்றுப்படுகை, கழி, கடற்கரை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு ஆகியன அதனுள் அடங்குவன. அஃதாவது, ஊரின் நீர் தங்கும் இடங்களெல்லாம் புறம்போக்கு. பயன்கருதிப் பொதுவாக விடப்பட்டது, பயனற்றது எனப் பிறழக் கொள்ளப்பட்டது. அதன்பின் மனிதரை வையும் வசைச்சொல்லாகவும் இழிந்தது. பாடல் அச்சொல்லை வசையினின்று மீட்டுப் பழம்பொருளில் நிறுத்த முயல்கின்றது. சொற்பொருள் இழிபு என இலக்கண நூலார் கூறும் நிகழ்ச்சிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. சொல்லின் இழிபும் நீர்நிலையின் இழிபும் ஒருங்கே நிகழ்ந்தன என்பதே அப்பாடலால் நாம் பெறும் தெளிவு.

இப்பாடலிலும் குறை காண்பார் உளர். பிரசாரம் மிகுந்தது என்பர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. சாம்பல் படிந்த கழியைக் காட்டி முறையிடும் பாடல், அக்கழியில் இறால் தடவும் ஒருவரின் ஒருநாளைக் காட்டவில்லை. இசைப்பாடலிடம் நாவலின் வேலையை எதிர்பார்த்தல் முறையன்று எனினும், அவ்வேலை எவராலும் இன்னும் செய்யப்படவில்லை என்பதனை அது நினைவூட்டுகின்றது. குடபுலவியனார் தாழ்ந்த நிலத்தை நீர் தங்கும் இடமெனக் கண்டார். நம் காலம் அத்தாழ்நிலத்தையே சாம்பல் கொட்டும் இடமெனக் கண்டது. ‘எங்கே தேக்குவது?’ என்னும் பழவினாவுக்கும் ‘எவருடையது?’ என்னும் புதுவினாவுக்கும் இடையிலுள்ள உறவு இதுவே.

7. ஒரு தடை, ஒரு விடை

இதுகாறும் கூறியவற்றிற்குத் தடை ஒன்று எழக்கூடும். நாவல் பொறியாளர் அறிக்கை அன்று. குழாயின் நீளமும் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவும் கூறுதல் கதையாசிரியன் கடமை அன்று. சமுனாவின் கண்ணீரைக் கூறாது பூண்டியின் மதகைக் கூறியிருப்பின் அந்நாவல் அழிந்திருக்கும் என்பது அத்தடை.

இத்தடையின் முதற்பகுதி நமக்கும் உடன்பாடே. அசோகமித்திரன் எழுதியதினும் வேறாக எழுதியிருத்தல் வேண்டும் என்று நாம் கூறவில்லை. தெருவுக்கு அப்பால் நெடுந்தொலைவு நோக்காமையே அந்நாவலின் உண்மை. அத்தெருவினர் அவ்வாறே வாழ்ந்தனர். நாம் குறைகூறுவது நாவலை அன்று, நாவலைப் படித்த முறையை. நாவலாசிரியன் தெருவுக்குள் நிற்கலாம். திறனாய்வாளன் அங்கே நின்றுவிடுதல் ஆகாது. புறநானூற்று உரையாசிரியர்கள் திணையும் துறையும் கூறியதோடு அமையாது, யார் எவரை எந்நிலையிற் பாடினார் என்றும் காட்டினர். அவ்வாறே நகர நாவலுக்கு உரைகாண்பார், அந்நகரின் நீர் எவ்வழி வந்தது, எவ்விடத்து நின்றது, எவர் நிலத்தினின்று எடுக்கப்பட்டது என்பனவற்றையும் காட்டக் கடமைப்பட்டவர். அவ்வாறு காட்டாவிடத்து, வறட்சி மனித உள்ளத்தின் பொதுக்குறை எனத் தோன்றும்; ஒருவரும் அதற்குப் பொறுப்பாகார். குறியீட்டு விளக்கத்தின் தீங்கு அதுவே. எல்லார் உள்ளமும் வறண்டது என்னும்போது, எவர் குழாய் வறண்டது, எவர் குழாய் வறளவில்லை என்னும் வேறுபாடு மறைந்துபோகின்றது.

8. முடிவுரை

தொகுத்து நோக்கின், நீர்பற்றித் தமிழிலக்கியம் மூன்று காலங்களில் மூன்று வினாக்களை எழுப்பியிருக்கக் காண்கின்றோம். பண்டைப் புலவர் ‘எங்கே தேக்குவது?’ என்று அரசனை வினவினார். நகர நாவலாசிரியர் ‘எப்போது வரும்?’ என்று தெருவில் நின்று வினவினார். அண்மைப் பாடல் ‘எவருடையது?’ என்று கழிமுகத்தில் நின்று வினவுகின்றது. இம்மூன்றும் ஒரு நூலினுள் இன்னும் கூடவில்லை. அவை கூடுதற்குரிய நிலம் இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள வடசென்னை என்பது நம் எண்ணம். ஆற்றின் வாயும், உவர்ந்த கிணறும், கடலைக் குடிநீராக்கும் நிலையமும், கழிவுநீரைத் தூய்மை செய்து ஆலைக்கு அனுப்பும் குழாயும், அக்குழாய் செல்லும் தெருவிலேயே லாரிக்குக் காத்திருந்த குடமும் அங்கே அடுத்தடுத்து உள்ளன. அந்நிலத்து மாந்தர்க்கு நீரின் வழி மறைபொருள் அன்று. அவர்தம் வீட்டுக் கொல்லைவழியே அது செல்கின்றது.

அத்தகைய நூல் எழும்போது எழுக. அதுவரை உள்ள நூல்களைச் செம்மையாகப் படித்தல் நம்மனோர் கடமை. மாணவியின் வினாவுக்கு இன்று விடைகூறுவோமாயின், ‘அந்தத் தெருவுக்குத் தண்ணீர் உங்கள் ஆற்றிலிருந்து வரவேண்டும்’ என்று கூறுவோம். சமுனாவின் தெரு வறண்ட ஆண்டுகளிலும் எண்ணூரில் கொற்றலையாறு கடலைச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. அதன் நன்னீர் பெரும்பாலும் மேலேயே தேக்கப்பட்டிருந்தது. தெற்கே ஒரு தெருவில் காத்திருந்த பெண்ணும் வடக்கே கழிக்கரையில் காத்திருந்த பெண்ணும் ஓராற்றுக்கே காத்திருந்தனர். ‘தண்ணீர்’ நாவலை இவ்விருவர் கதையாகப் படிக்க இயலும் என்பதே இக்கட்டுரையால் நாம் கூற விழைந்தது. அடுத்த ஆண்டு அந்நாவலை நடத்துங்கால், வகுப்பின் முதல் நாளில் நாவலுக்கு முன்னதாக, கொற்றலையாற்றின் வரைபடம் ஒன்றைப் பலகையில் வரைய எண்ணியுள்ளோம்.